மஞ்சள் வைத்த கூடாரம்

1. மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளிப் பெண்கள் எட்டுப் பேரும் என் மதினியும் நானும் இரண்டு மாட்டு வண்டிகளில் நாகமலை அடிவாரத்துக்குப் போனோம். ஓர் இரவு கூடாரத்தில் தங்குவதாக ஏற்பாடு.

2. கூடாரம், கயிறு, விளக்கு, ஸ்டவ், முதுகுப்பை எல்லாம் நானே தேர்ந்தெடுத்தவை. ஒவ்வொன்றையும் வீட்டு மொட்டை மாடியில் சோதித்துப் பார்த்திருந்தேன்.

3. சோதித்து முடித்த கூடாரத்தை, எனக்குத் தெரியாமல் மதினி துவைத்துவிட்டார்.

4. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

5. விடிந்ததும் தலைமையாசிரியை வந்து எட்டுப் படுக்கைகளையும் தொட்டுப் பார்த்தார்.

நடந்தது இவ்வளவுதான். எண் போட்டு எழுதினால்தான் எனக்கு யோசனை ஒழுங்காக ஓடும். சென்னையில் பௌதிகம் படித்தபோது பரிசோதனைக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. "உங்க தங்கச்சி சாமிகிட்ட வரம் கேட்டாலும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் கேப்பாங்க" என்று மதினி என் அண்ணனிடம் சொல்வார். மதினி வாடிப்பட்டியில் நிலம் உழுகிற சம்சாரி வீட்டுப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வீட்டில் என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. எந்தப் பாதி எப்போது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பள்ளியில் எனக்கு விஞ்ஞானமும் பூகோளமும் பாடம். நட்சத்திரங்களைச் சாக்குக்கட்டியால் கரும்பலகையில் புள்ளி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், விளக்கு வைத்த பிறகு வானத்தை முழுதாகப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை.

"எங்க தெருவுல ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு மொழம் வானந்தான் டீச்சர் தெரியும்" என்றாள் வகுப்பிலேயே உயரமான பெண். அவளுக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதோடு படிப்பும் நின்றுவிடும்.

அன்றைக்கே தலைமையாசிரியையின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சரி, போய்ட்டு வாங்க. பெத்தவங்ககிட்ட நான் பேசுறேன். ஆனா ஒரு பிள்ளை நனைஞ்சு இருமிக்கிட்டு வீட்டுக்குப் போனாலும் சரி, ராத்திரியோட ராத்திரியா வண்டி கட்டித் திரும்பி வந்தாலும் சரி, இதுதான் முதல், இதுதான் கடைசி. அடுத்த வருஷம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

எனக்கு வேண்டியிருந்ததே அந்த அடுத்த வருஷம்தான். ஒரு தடவை போய் வந்தால் அது வேடிக்கை. வருஷா வருஷம் போனால்தான் பாடம்.

பெற்றோர்கள் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். கல்யாணமான பெண் ஒருத்தி துணைக்கு வர வேண்டும். அந்நியர் வீட்டில் பெண்கள் தங்கவோ சாப்பிடவோ கூடாது. பல சாதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. இரண்டாவது நிபந்தனையை எட்டு வீட்டிலும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

முதல் நிபந்தனைக்கு மதினியைக் கேட்டேன். "நானா? கூடாரத்துலயா?" என்று அரிவாள்மனையை விட்டு எழுந்துவிட்டார். கல்யாணமாகி வந்தபிறகு, பிறந்த வீட்டுக்குப் போகும் நாள் தவிர, ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை அவர். என் அம்மா முகத்தைச் சுளித்தார். அண்ணன்தான் சமாதானம் சொன்னான்.

"போயிட்டு வரட்டும்மா. நான் ஒரு நாள் நிம்மதியாத் தூங்குறேன்."

"தூங்குங்க, தூங்குங்க. விடிஞ்சா காப்பி யாரு கலந்து தருவான்னு அப்பத் தெரியும்" என்றார் மதினி. அன்று மாலையே எந்தச் சேலை கட்டுவது என்று என்னிடம் யோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சாமான் வாங்குவதில் எனக்கு ஒரே விதிதான். கடையில் அழகாக இருப்பது போதாது. கெட்ட நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முன்கூட்டியே வீட்டில் பார்த்துவிட வேண்டும்.

கயிற்றிலிருந்து தொடங்கினேன். கீழமாசி வீதிக் கடைக்காரர் வெள்ளை வெளேரென்று பருத்திக் கயிற்றை எடுத்துப் போட்டார். நான் அதிலே ஒரு பாக நீளமும் தேங்காய் நார்க் கயிற்றில் ஒரு பாக நீளமும் வாங்கி வந்தேன். மாடிச் சுவரில் ஆணிகள் அடித்து இரண்டையும் இழுத்துக் கட்டித் தண்ணீர் ஊற்றினேன். பருத்திக் கயிறு நனைந்ததும் சுருங்கி, ஓர் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மழையில் கூடார முளைக்கும் அதே கதிதான் ஆகும். நார்க் கயிறு கையைக் குத்தியது, ஆனால் இழுத்த இழுப்பில் நின்றது. நார்க் கயிறே வாங்கினேன்.

விளக்குச் சோதனை மதினியுடையது. மூன்று அரிக்கேன் விளக்குகளை ஏற்றி வரிசையாக வைத்து, முறத்தால் வீசச் சொன்னேன். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீசிய வீச்சில் முதல் விளக்கு உடனே போய்விட்டது. இரண்டாவது, கண்ணாடி முழுக்கக் கரி பூசிக்கொண்டது. மூன்றாவது படபடத்துவிட்டு நிமிர்ந்து எரிந்தது. "நெல்லுத் தூத்துற காத்துக்கே நிக்குது. இதையே எடுத்துக்கங்க, டீச்சரம்மா" என்றார். எடுத்துக்கொண்டேன். மாற்றுக் கண்ணாடி ஒன்றை வைக்கோலில் சுற்றி வைத்தேன்.

காற்றடித்து ஏற்றும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை நான் வாங்கி வந்தேன், மதினி அபகரித்துக்கொண்டார். அதன் இரைச்சல் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அடைப்பெடுக்கும் ஊசியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். "இது சீறுறத பாத்தா எங்க அம்மாச்சி ஞாபகம் வருது" என்பார்.

முதுகுப்பைதான் சிரமப்படுத்தியது. வண்டி ஊர்வரைதான் போகும். அங்கிருந்து கண்மாய்க் கரை வழியாக அடிவாரத்துக்கு நடக்க வேண்டும். தலையில் சுமந்தால் கை ஓய்வதில்லை. அதனால் தோளில் இரண்டு பட்டை போட்ட பை ஒன்று தைத்து அண்ணனுக்கு மாட்டிப் பார்த்தேன்.

"ஏத்தா, என்னைய என்ன பொதிமாடுன்னு நெனச்சியா?" என்று மாடியில் இரண்டு சுற்று நடந்தான். அவனுக்குச் சரியாக இருந்தது. தாவணி போட்ட பெண்ணுக்கு மாட்டியபோது, பட்டை தாவணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கியது. யாரோ சட்டை போட்டவர்களுக்காக யோசித்த பை அது. பட்டைகளை நான்கு விரல் அகலமாக்கினேன். தாவணித் தலைப்பைப் பட்டைக்கு அடியில் கொண்டுவந்து இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடச் சொன்னேன். எட்டுப் பேரும் பள்ளி மைதானத்தில் ஓடிக் காட்டினார்கள். அசையவில்லை.

கூடாரத்துக்கு விளக்குத்தூண் பக்கம் கெட்டியான கித்தான் துணி வாங்கினேன். புதுமண்டபத்தில் தேர்ச்சீலை தைக்கும் தையற்காரர் ஒருவர் தைத்துக்கொடுத்தார். சுமக்க வசதியாக இரண்டு பாதியாகத் தைத்து, நடுவில் கயிறு கோத்துச் சேர்ப்பது என் திட்டம். அதன்படியே செய்துவிட்டு, நான் கேட்காத சிவப்புக் கரை ஒன்றையும் சுற்றிலும் வைத்துவிட்டார். "கரை இல்லாட்டி துணி மொட்டையாத் தெரியும்மா" என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கித்தானை மழை தாங்கும்படி செய்யும் வேலை மட்டும் மிச்சம். அந்த வாரம் மதினி தம்பி கல்யாணத்துக்கு வாடிப்பட்டி போயிருந்தார். நான் பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்து, சவுக்காரத்தைச் சீவிப் போட்டுக் கரைத்து, கித்தானை ஊற வைத்தேன். பிழிந்தெடுத்து, படிகாரத் தண்ணீரில் முக்கினேன். பிறகு அலசாமல் அப்படியே வெயிலில் காயப்போட்டேன். சவுக்காரமும் படிகாரமும் சேர்ந்தால் நூலின்மேல் மெழுகு மாதிரி ஒன்று படியும். தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டு ஓடும். பைகளுக்கும் அதே வைத்தியம் செய்து பள்ளிக்கு அனுப்பிவிட்டேன்.

கூடாரத்தை மாடியில் கட்டி நிறுத்தியபோது அடுத்த மாடியிலிருந்து அண்ணனின் சிநேகிதர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, பந்தல் எல்லாம் போட்டாச்சு? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

"பந்தல் தயார், பொண்ணும் தயார். மாப்பிள்ளைதான் இன்னும் அம்புடல" என்றான் அண்ணன்.

நான் பூவாளியில் தண்ணீர் எடுத்து முதலில் கூடாரத்தின்மேல் ஊற்றினேன், பிறகு அவன்மேல். கூடாரத்துக்குள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. மடித்து மாடியறையில் வைத்துவிட்டு, பட்டியலில் அந்த வரியை அடித்தேன். அதற்குப் பிறகு நான் அதைப் பிரிக்கவில்லை. பட்டியலில் அடித்ததை மறுபடி பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை.

நாகமலை புதுக்கோட்டையில் வண்டிகளை விட்டபோது நல்ல வெயில். பெண்கள் பையை மாட்டிக்கொண்டு கரைமேல் வரிசையாக நடந்தார்கள். மதினி ஸ்டவ்வை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். வண்டிக்காரர்கள் இருவரும் கூடாரக் கட்டைத் தூக்கி வந்து கொடுத்தார்கள். அடிவாரத்தில் ஒரு சம்சாரி தன் தரிசில் தங்கிக்கொள்ள முன்பே சம்மதித்திருந்தார். அறுவடை முடிந்து எங்கும் வெறும் தாள். மலை ஒரே நீளக் கல்லாகப் பக்கத்தில் படுத்திருந்தது.

கித்தானைப் பிரித்தேன். கைக்கு மெத்தென்று இருந்தது. என் கித்தான் மொடமொடவென்று இருக்க வேண்டும். மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அரை ரூபாய் அகலத்துக்கு மஞ்சள்.

"மதினி, இதுல மஞ்ச இருக்கே."

"ஆமா. புதுத் துணியில்ல? தண்ணி காட்டி மஞ்ச வைக்காம எப்பிடிக் கொண்டாரது? அதுவும் பொட்டப் பிள்ளைக படுக்கப் போறது."

"எம்புட்டுத் தண்ணி காட்டுனீங்க?"

"எம்புட்டா? நல்லாக் கேட்டீங்க! நீங்க பள்ளிக்கூடம் போனதும் மடிப்பப் பிரிச்சுப் பாத்தேன். சவுக்காரத்தப் போட்டுட்டு அலசாமயே காய வச்சிருக்கீங்க. பிள்ளைக மொகத்துல பட்டா அரிக்காதா? சலவைச் சோடாவப் போட்டுக் கொதிக்க வச்சு, நானும் வேலைக்காரப் பொண்ணும் கல்லுல அடிச்சு அடிச்சு அலசுனோம். அலச அலச நுர வந்துக்கிட்டே இருந்துச்சு, போங்க. எங்கையெல்லாம் தோலு உரிஞ்சுபோச்சு. சரி, டீச்சரம்மாவுக்குப் பாடம் நடத்தத் தெரியும், துணி அலசத் தெரியல, இத ஊருக்குச் சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்."

நான் கித்தானைப் பிடித்தபடி நின்றேன். சிரிப்பு வந்தது. அதே நேரம் பயமும் வந்தது.

"அந்த நுரைதான் மதினி நம்ம கூரை" என்றேன்.

அவருக்கு விளங்கும்படி சொன்னேன். சொல்லி முடிக்கும்போது மூத்த வண்டிக்காரர் மலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அம்மா, மேக்க கருக்கல் கட்டுது பாருங்க. இப்பவே வண்டியக் கட்டிருவமா? பெறகு பிள்ளைகள வச்சுக்கிட்டுச் சங்கடப்படக் கூடாது."

"மாசியில மழையாண்ணே?"

"மழைக்கு மாசியாவது, பங்குனியாவது. வாரது வரத்தான செய்யும்."

நிலத்துச் சம்சாரியின் மனைவியும் கரைமேல் வந்து கூப்பிட்டார். "எங்க களத்து வீடு சும்மாதாம்மா கெடக்கு. எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துருங்க." நல்ல மனதோடு கூப்பிட்டார். நன்றி சொல்லி அனுப்பினேன்.

விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். களத்து வீட்டுக்குப் போனால் எட்டு வீட்டில் கொடுத்த வாக்குப் போகும். திரும்பினால் தலைமையாசிரியையின் வார்த்தை நடக்கும். அது மட்டுமில்லை, பாதி வழியில் மழை பிடித்தால் வண்டிக் கூண்டின் பாய் ஒழுகும். அந்தப் பாயைவிட என் கித்தான் மோசமில்லை. தங்கினால் பெண்கள் நனையலாம். நனையாமலும் இருக்கலாம். அந்த 'லாம்' ஒன்றுதான் என் கையில் இருந்தது.

மதினி கித்தான் சுருட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் சிறுத்துப்போயிருந்தது. "அப்ப நாந்தான் கெடுத்துட்டேனா? அடுத்த வருஷமும் போச்சா?"

"கெடுக்கல மதினி. கொதிக்க வச்சதுல துணி சுருங்கியிருக்கு. சுருங்குன துணிக்கு இழை நெருக்கம். நெருக்கமான இழை கொஞ்சம் தண்ணி தாங்கும்."

"ஆறுதலுக்குச் சொல்றீங்களா, பாடத்துக்குச் சொல்றீங்களா?"

"ரெண்டுக்குந்தான். எந்திரிங்க, கட்டுவோம்."

வண்டிக்காரர்களை ஊருக்குள் போய் மாட்டுக்குப் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். கூடாரத்தைக் கட்டினோம். சுருங்கிய துணி கம்பத்தின் உயரத்துக்குப் போதவில்லை. இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஒன்றரைச் சாண் தூக்கிக்கொண்டு நின்றது, குட்டைப் பாவாடை மாதிரி. கம்பத்தைக் குறைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். கூரை எவ்வளவு சரிவாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் ஓடிவிடும். நார்க் கயிற்றை முடிந்தமட்டும் இழுத்து, முளைகளின்மேல் கல் ஏற்றினோம். சுற்றிலும் பெண்கள் கரண்டியாலும் தட்டாலும் வாய்க்கால் வெட்டினார்கள்.

கீழே திறந்து கிடந்த இடத்துக்கு வழி சொன்னது அந்த உயரமான பெண். "டீச்சர், பையில தண்ணி ஏறாதுன்னு சொன்னீங்களே. அதையே வரிசையா வச்சா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பைகள் பள்ளியில் இருந்ததால் மதினியின் கையில் அகப்படவில்லை. என் சவுக்காரமும் படிகாரமும் அதில் அப்படியே இருந்தன. காற்று வரும் பக்கம் எட்டுப் பைகளையும் சுவராக அடுக்கி, மற்றப் பக்கம் ஓலைப்பாயை மடித்து நட்டோம். "இதுகளையும் கொண்டாந்து போட்டிருந்தீங்கன்னா தப்பிச்சிருக்காது" என்று மதினி ஒவ்வொரு பையையும் தட்டிவிட்டார். அவர் குரல் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி.

பெண்களை உள்ளே உட்கார வைத்து ஒரே ஒரு விதி சொன்னேன். நூலுக்கும் நூலுக்கும் நடுவே நுணுக்கமான துளைகள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் தன் தோலாலேயே தானே நின்றுகொள்ளும். உள்ளேயிருந்து விரல் பட்டால் அந்தத் தோல் கிழியும். பிறகு அந்த இடத்தில் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே மழை நிற்கும்வரை யாரும் துணியைத் தொடக் கூடாது. தலை, தோள், பின்னல் எதுவும் படக் கூடாது.

கோயில் பட்டர் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் மெதுவாக, "கூடாரம் இன்னிக்கு மடியா இருக்கு. யாரும் தொடப்படாது" என்றாள். அப்புறம் எழுந்த சிரிப்பில் கூரையே விழுந்துவிடும் போல இருந்தது. "சிரிங்க, ஆனா ஆடாம சிரிங்க" என்றார் மதினி.

மழை வந்தது. முதலில் தாள்களின்மேல் சலசலப்பு, பிறகு கித்தானில் பறையடி. துணி கருத்தது. முழுக்க நனைந்துவிட்டது என்று தெரிந்தது. எல்லாரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் விழவில்லை. கயிறு கோத்த நடு இடத்தில் மட்டும் ஈரம் கசிந்தது. அதற்கு அடியில் மதினி சட்டியை வைத்தார்.

எந்தப் பையில் யாருடைய மாற்றுத் தாவணி இருக்கிறது என்ற பேச்சில் உயரமான பெண் மறந்துபோய் எழுந்தாள். உச்சி துணியில் இடித்தது. அடுத்த நொடியே அந்த இடத்தில் சொட்டு விழ ஆரம்பித்தது. அவள் கண் கலங்கிவிட்டது. "டீச்சர், அடுத்த வருஷம் இவங்களுக்கெல்லாம் என்னாலதான் இல்லாம போகப்போகுது."

"விரலைக் குடு" என்று அவள் விரலைப் பிடித்து, சொட்டும் இடத்தில் வைத்து, துணியோடு ஒட்டினபடி கீழ்வரை ஒரு கோடு இழுத்தேன். சொட்டு நின்றது. தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடிப் பைக்கு வெளியே விழுந்தது. பெண்கள் ஆ என்று வாயைத் திறந்தார்கள். உடனே இன்னும் நாலு பேருக்குக் கோடு இழுக்க ஆசை வந்துவிட்டது. மதினி கரண்டியோடு காவல் இருந்தார். "ஏய், கைய மடக்கு. உனக்குத்தாண்டி சொல்றேன். தொட்டே, இந்த மழையில வாடிப்பட்டிக்கே வெரட்டிருவேன்."

நடுவில் காற்றுப் பக்கத்து முளை ஒன்று மண் இளகி அசைந்தது. நான் வெளியே போய் அதை மிதித்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் கல் ஏற்றினேன். கயிறு சுருங்கவில்லை, அவிழவும் இல்லை. குத்தும் கயிறாக இருந்தாலும் அதைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மழை விட்டதும் மதினி கூடார வாசலில் ஸ்டவ்வைச் சீற வைத்துச் சுக்குக் காப்பி போட்டார். கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்தோம். அன்றைக்கு நட்சத்திரம் எதுவும் தெரியவில்லை. மேகம் கலையவே இல்லை. வானம் காட்டக் கூட்டிப்போனேன், வானம் தன்னைக் காட்டவில்லை. விடியும் நேரம் மட்டும் கிழக்கே ஒரு கிழிசலில் வெள்ளி தெரிந்தது. உயரமான பெண்ணை எழுப்பிக் காட்டினேன். "இது எங்க தெருவுல தெரியாது டீச்சர்" என்று, போர்வைக்குள்ளிருந்தபடி அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை வாடகை மோட்டாரில் ஊர்வரை வந்து, சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடந்து வந்தார். மழைச் சத்தம் கேட்டு இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டார் என்று முகம் சொன்னது. நேராக உள்ளே போனார். எட்டுப் படுக்கையையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். எட்டுத் தலையையும் தடவிப் பார்த்தார். கூடார மூலையில் நின்றார்.

"இது என்ன மஞ்சள்?"

மதினி சட்டென்று ஸ்டவ்வைத் துடைக்கக் குனிந்துகொண்டார்.

"புதுத் துணி" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் தலையிலிருந்து கால்வரை இன்னும் ஈரமாகத்தான் இருந்தேன்.

"நான் பிள்ளைகளப் பத்தித்தான் சொன்னேன். டீச்சரப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார் தலைமையாசிரியை. "காப்பி இருக்கா?"

மதினி ஓடிப்போய் ஊற்றிக்கொடுத்தார்.

அதன்பிறகு வருஷா வருஷம் போகிறோம். உயரமான பெண் இப்போது திருமங்கலத்தில் இருக்கிறாள், கையில் ஒரு குழந்தை. கூடாரத்தை ஒவ்வொரு தை மாதமும் நானும் மதினியும் சேர்ந்துதான் தயார் செய்கிறோம். முறை பேசி முடித்துக்கொண்டோம். முதலில் அவர் தண்ணீர் காட்டி மஞ்சள் வைப்பார். அதற்குப் பிறகு என் சவுக்காரம், படிகாரம். அதற்கப்புறம் யாரும் அலசக் கூடாது. சுருங்கிய இடத்துக்குப் புதுமண்டபத்துத் தையற்காரர் கீழே ஒட்டுத் துணி வைத்துக் கொடுத்தார், அதிலும் சிவப்புக் கரையோடு.

இப்போது யுத்த காலம். கித்தான் எங்கும் கிடைப்பதில்லை, மண்ணெண்ணெய்க்கு ரேஷன். இந்த மாசியில் பத்துப் பெண்களோடு வாடிப்பட்டிப் பக்கம் போகிறோம். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடாரம் நல்ல நிலையில் இருக்கிறது. பைகள் பத்தும் தயார். ஸ்டவ் மதினியிடம் இருக்கிறது, அரைப் போத்தல் எண்ணெயும் சேர்த்து வைத்திருக்கிறார். கயிறு மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.